சாட்சி அவ்வாறே செய்தார்

டுலூத்தில் மார்ச் மாதம் அந்த உறை வந்தது.
ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை,
தாதுக் கப்பல்கள் கரையில் கட்டிக் கிடந்தன.
ஆர்வித் கல்லுங்கியின் வக்கீல்
எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்.
இருபத்தோரு பக்கம்.
பதினேழில் ஆறு நீதிபதிகள்
நாங்கள் செய்தது தப்பு என்கிறார்கள்.
மிச்சம் நாலும் ஒற்றை ஆளுடையது.

நான் ஜூரியில் ஏழாம் நாற்காலி.
மீன் பதனிடும் கொட்டகையில் கணக்கு எழுதுகிறவள்.
"திருமதி லுண்ட்மார்க், நீங்களே கூட்டிச் சொல்லுங்கள்"
என்றார் ஸ்கோக்ஸ்டாட், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.
ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில் கூட்டினேன்.

ரயில் பெட்டிகளைப் பூட்டும் வேலை போய்
இரவுக் காவல் வேலை:
ஆண்டுக்கு இரண்டாயிரத்து நானூறு குறைகிறது.
இன்னும் முப்பத்தொரு ஆண்டு.
எழுபத்துநாலாயிரத்து நானூறு.
வலிக்கு?
யாரும் பேசவில்லை.
நாளைக்கு எண்பத்தைந்து சென்ட் என்றேன்,
மதியச் சாப்பாட்டுக் காசு.
சில்லறையைத் தள்ளினேன்.
ஆக மொத்தம் எண்பத்துநாலாயிரம்.

ஆறு பேர் எழுதுகிறார்கள்:
உணர்ச்சிவசப்பட்டு அள்ளிக் கொடுத்த தொகை,
நீதிமன்றத்தின் மனசாட்சியை அதிரவைக்கிறது,
நஷ்டஈட்டுக்கு மட்டும் மறுவிசாரணை.

என் பென்சிலை எடுத்துப் பார்த்தேன்.
உணர்ச்சிவசப்பட்ட பென்சில்.
பின்பக்கம் கடித்த தடம் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்தது இது.
"கோட்டுப் பொத்தான்களைப் போடுங்கள்" என்றார் வக்கீல்.
ஐந்து பொத்தான்.
இடது கை மட்டும்.
வலது கை இருக்க வேண்டிய இடத்தில்
ஊக்கு குத்திய சட்டைக் கை.
முதலாவது ஏறியது.
மூன்றாவது இரண்டு முறை வழுக்கியது.
சூடேற்றும் குழாய் சீறிக்கொண்டே இருந்தது.
கம்பெனி வக்கீல் தன் காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், அடுக்கினார்.
எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி
தன் கம்பளிச் சட்டைப் பொத்தானைப்
பிடித்துக்கொண்டிருந்தாள், தனக்கே தெரியாமல்.

இதையெல்லாம் சுருக்கெழுத்தர்
மூன்று சொல்லில் முடித்துவிட்டார்:
சாட்சி அவ்வாறே செய்தார்.

ஆறு பேரும் அந்த வரியைத் தாண்டிப் போனார்கள்.
காலில் இடறியது ஒருவருக்கு மட்டும்.
டெல்மர் ப்ரெக்கே, மாறுபட்ட தீர்ப்பு:
"பக்கம் 212, வரி 9.
இந்தச் சொற்களுக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது
என்று பதிவேடு சொல்லவில்லை.
பன்னிரண்டு பேருக்குத் தெரியும்.
எனக்குத் தெரியாது.
தெரியாதவன் தெரிந்தவரைத் திருத்துவது எப்படி?
நான் உடன்படவில்லை."

நல்ல எழுத்து. அதனால்
ஒரு சென்ட்டும் நகரவில்லை.

அக்டோபரில் மறுவிசாரணை.
கொட்டகையில் பல்வலி என்று சொல்லிவிட்டுப்
போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.
புதிய பன்னிரண்டு பேர்.
அதே கோட்டு.
"பொத்தான்களைப் போடுங்கள்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு குளிர்காலம் கண்ணாடி முன் பழகியிருக்கிறான்.
மனைவி எல்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது,
பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல்.
பிறகுதான் அவளுக்கு உறைத்தது.
ஆர்வித் ஐந்தாவது பொத்தானில் விரலை வைத்தபடியே
நின்றான்.
அவிழ்த்துவிட்டு மறுபடி தடுமாறலாம்.
தடுமாறவில்லை.

இருபத்தொன்பதாயிரம் கொடுத்தார்கள்.
அவர்கள் மேல் குற்றமில்லை,
கண்டதற்குக் கொடுத்தார்கள்.
ஒரு மனிதன் தேறியதற்கு
ஐம்பத்தையாயிரம் அபராதம்
என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதியிருக்காது.

அன்றிரவு நீதிபதி ப்ரெக்கேவுக்கு
ஒரு தபால் அட்டை எழுதினேன்.
வழக்கின் பெயர் போட்டேன், பக்கம், வரி போட்டேன்.
"ஏறத்தாழ நாலு நிமிடம், ஐயா.
சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது."

பதில் வரவில்லை.
வரக் கூடாது என்றும் தெரியும்.